கை வழுக்கியது என்று சொன்னேன்

நான் வேகமாகப் பந்து போடுவேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் மட்டுமில்லை, தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் இருந்த எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் என்னை விட வேகமாகப் போட ஆள் கிடையாது. இருந்தான் என்று யாராவது சொன்னால், அவனுக்கு எதிரே மட்டை பிடித்த ஒருவரைக் கூட்டி வரட்டும், சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டட்டும், பிறகு பேசலாம். என்னுடைய சாட்சிகள் இன்றைக்கும் மூன்று தோட்டங்களில் நடமாடுகிறார்கள். கடையில் பார்த்தால் விலா எலும்பைத் தடவிக்கொண்டே தேநீர் வாங்கித் தருகிறார்கள்.

வேகம் பலரிடம் இருக்கும். அதை எங்கே போடுவது என்ற மூளை வேண்டும். அந்த மூளையை எனக்குக் கொடுத்தது எங்கள் மைதானம்.

மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். எங்கள் தோட்டத்தில் மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்று இரண்டு பிரிவுகள். நடுவில் பழைய பெரட்டுக் களம் இருந்தது. ஒரு காலத்தில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய இடம். நீளம் போதுமான அளவு இருந்தது. அகலம்தான் இல்லை. ஒரு பக்கம் தேயிலை மலை செங்குத்தாக ஏறும். மறுபக்கம் புல்லுச் சரிவு நேராக ஆற்றில் போய் இறங்கும். களம் லேசாகச் சாய்ந்திருந்ததால் பந்து போடுவது எப்போதும் ஒரே முனையிலிருந்துதான். ஆகவே வலது கை ஆட்டக்காரர் யார் வந்து நின்றாலும் அவருடைய நெஞ்சுப் பக்கம் ஆறு, முதுகுப் பக்கம் தேயிலை.

தேயிலைக்கு ஒரு சட்டம் இருந்தது. முன்பு ஒரு வருடம், செடிகளைக் கவ்வாத்து வெட்டிப் புதிதாகத் துளிர்த்திருந்த மலைக்குள் பந்தைத் தேடிப் பத்துப் பேர் ஓடி, துளிரையெல்லாம் மிதித்துச் சட்டினி ஆக்கிவிட்டார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா நேராகத் தோட்டத்து மேனேஜர் துரையிடம் போய்விட்டார். இன்னொரு முறை தேயிலைக்குள் கூட்டமாக இறங்கினால் களத்தையே பூட்டிவிடுவேன் என்று துரை சொல்லி அனுப்பினார். அன்றைக்குப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள்: தேயிலையில் பந்து விழுந்தால் ஆட்டக்காரர் அவுட். ஒரே ஒரு ஆள் மட்டும், வெறுங்காலோடு உள்ளே போய் எடுத்து வரலாம்.

உலகத்தில் வேறு எங்கும் இப்படி ஒரு விதி இருந்திருக்காது. எல்லோரும் இதை ஆட்டக்காரர்களுக்கான விதி என்றே நினைத்தார்கள். ஆற்றுப் பக்கமே அடிக்கப் பழகிக்கொண்டார்கள். எனக்குப் பத்தொன்பது வயதானபோதுதான் இது பந்து போடுகிறவனுக்குக் கிடைத்த வரம் என்று புரிந்தது. விக்கெட்டுக்குப் போட்டால் ஆற்றுப் பக்கம் தள்ளிவிடுவான். விலாவுக்குப் போட்டால்? ஒதுங்க முடியாது. முதுகுப் பக்கமாகத் திருப்பித்தான் அடிக்க வேண்டும். பலமாக அடித்தால் தேயிலை, அவுட். மெதுவாகத் தட்டினால் அங்கே நான் நெருக்கமாக நிறுத்தி வைத்திருக்கும் ஐந்து பேரில் ஒருவன் பிடிப்பான், அவுட். ஒன்றும் செய்யாமல் நின்றால் கார்க் பந்து எலும்பில் விழும். எங்களிடம் கைக்கு உறை கிடையாது, தலைக்குக் கவசம் கிடையாது, காலுக்கு ஒரு சோடி காப்பு இருந்தது, அதை இரண்டு பேர் ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொள்வார்கள். நான்கு பந்து வாங்கியவன் ஐந்தாவதைத் தானாகவே தேயிலைக்குள் அடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனான். அந்த நிம்மதியை அவர்கள் முகத்தில் பார்ப்பதற்கு எனக்குக் கொள்ளை ஆசை.

எங்கள் ஆட்டங்களுக்கு அம்பயர் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், முப்பது வயது இருக்கும், எங்கள் குளிருக்கு இரண்டு சுவெட்டரை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டிருப்பார். மேல் கணக்குக்கும் வேண்டியவரில்லை, கீழ்க் கணக்குக்கும் வேண்டியவரில்லை என்பதால் அவரை வைத்திருந்தோம். ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் விக்கெட்டுக்குப் போடேல்லை. ஆளுக்குப் போடுறீர்."

"விக்கெட்டுக்கு முன்னால ஆளு நின்னா நான் என்னா சேர் செய்யிறது?"

"உது புதுசு எண்டு நினைக்காதையும். நாங்கள் பிறக்க முந்தியே இங்கிலாந்துக்காரர் அவுஸ்திரேலியாவில போய் இதே வேலை செய்தவை. முதுகுப் பக்கம் ஆக்களை அடுக்கி வச்சிட்டு நெஞ்சுக்குப் போட்டவை. ஒரு கப்டனுக்கு நெஞ்சில பட்டு, இன்னொருத்தருக்கு மண்டை உடைஞ்சு, ரெண்டு நாட்டுக்கும் இடையில தந்தி போய் வந்து பெரிய சண்டை. பிறகு முதுகுப் பக்கம் பின்னால ரெண்டு பேருக்கு மேல நிப்பாட்டக் கூடாது எண்டு சட்டமே போட்டவை."

எனக்கு வெட்கம் வரும் என்று நினைத்துச் சொன்னார். எனக்கோ தலை கால் புரியவில்லை. இங்கிலாந்தின் கேப்டன் அறைக்குள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததை நான் தேயிலைக்கு மருந்து அடிக்கும் வேலையில் தகரத்தை முதுகில் சுமந்துகொண்டே கண்டுபிடித்திருக்கிறேன் அல்லவா. இன்னும் சொல்லுங்க சேர் என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. எழுபத்தைந்தில் லண்டனில் நடந்த உலகக் கோப்பையில் நம் நாட்டு ஆட்டக்காரர்கள் இரண்டு பேரை ஒரு வேகப் பந்துக்காரர் அடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதைச் சொன்னார். மேற்கிந்தியத் தீவில் அடிபட்டவர்கள் அதிகமாகி, இனி முடியாது என்று ஒரு அணி பாதியில் ஆட்டத்தை முடித்துக்கொண்டதைச் சொன்னார்.

"பயப்பிடுத்தி எடுக்கிறதும் ஒரு விக்கெட்தான், நான் இல்லை எண்டு சொல்லேல்லை," என்றார். "ஆனா பயப்பிடுத்திறவனுக்கு எங்க நிப்பாட்டுறது எண்டு தெரிஞ்சிருக்க வேணும்."

எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அந்த வயதில் எனக்குத் தெரியாதது எதுவும் இருந்ததாக நினைவில்லை.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை விட இரண்டு வயது மூத்தவள். மேல் கணக்கில் கொழுந்து பறிப்பவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதை விட உறுதி. கீழ்க் கணக்கில், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்த ஒருவரைத்தான் கட்டுவேன் என்று மூன்று வருடம் ஒற்றைக் காலில் நின்றாள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் பிடிக்கவில்லை. மேல் கணக்குக்காரர்கள் திமிர் பிடித்தவர்கள் என்பது அந்த அம்மாவின் எண்ணம். என்னை வைத்து அப்படி நினைத்திருந்தால் தப்பில்லை. கடைசியில் இரண்டு வீடும் இறங்கி வந்து பரிசம் போட்டாகிவிட்டது. தை மாதக் கடைசியில் கல்யாணம். அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால், பொங்கலுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கணக்குக்கும் வழக்கமான ஆட்டம். கீழ்க் கணக்கின் முதல் ஆட்டக்காரர் என் வருங்கால மச்சான்தான்.

வீட்டில் எல்லோரும் என் மேல் பாய்ந்தார்கள். "மாப்பிள்ளைக்கு மெதுவா போடுடா, நாலு அடிக்கட்டும், ஒண்ணும் கொறஞ்சு போயிறாது," என்றார் அப்பா. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே அதையே வேறு வார்த்தையில் சொன்னார். எங்கள் கேப்டனோ, "அவரு நின்னா நம்ம தோத்தோம், பாத்துக்க," என்றான். நான் யார் பேச்சையும் கேட்கும் ஆளில்லை, ஆனால் அக்காவின் கல்யாணம் என்பதால் கொஞ்சம் யோசித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அவளே கேட்டாள்.

"நாளைக்கு என்னா செய்யப் போற?"

"அப்பா மெதுவா போடச் சொல்றாரு."

"மெதுவா போட்டா நான் ஒங்கூடப் பேசமாட்டேன்," என்றாள். "எனக்காக நீ விட்டுக்குடுத்தேன்னு வையி, அந்த ஆளு காலம் பூரா நம்ம வீட்டுல தலை குனிஞ்சுதான் சோறு திங்கணும். எப்பவும் போடுற மாதிரி போடு. அவரு பாத்துக்குவாரு."

"அடி பட்டுச்சுன்னா?"

"பட்டா எண்ணெய் தேச்சிக்கலாம். நேர்மையா போடு, அது போதும்."

இப்படி ஒரு அக்கா கிடைக்க நான் கொடுத்து வைத்திருந்தேன். அன்றைக்கு இதை அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் முதலில் ஆடி அறுபத்து நான்கு ஓட்டம் எடுத்தோம். பிறகு அவர் வந்து நின்றார். ஒல்லியான, அமைதியான ஆள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முதல் பந்தை விலாவுக்குப் போட்டேன். பட்டது. மூச்சு நின்று குனிந்தார், பிறகு நிமிர்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். தடவவில்லை. இரண்டாவது தோளில் பட்டது. அதற்கும் தடவவில்லை. மூன்றாவதற்குக் குனிந்துகொண்டார். கீழ்க் கணக்குக் கூட்டத்திலிருந்து அவருடைய அம்மாவின் குரல் கேட்டது: "பொண்ணு குடுக்குற வீட்டுக்காரனா இவன்? எமனா?" எங்கள் பையன்கள் விசில் அடித்தார்கள். இதுவரைக்கும் நான் செய்ததில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. அக்கா சொன்னபடி நேர்மையாகத்தான் போட்டேன். அவரும் நேர்மையாகத்தான் வாங்கினார்.

என் அடுத்த ஓவருக்கு வந்தபோது அவர் ஒரு வேலை செய்தார். மட்டையை எடுத்துக்கொண்டு விக்கெட்டுக்கு மறுபக்கம் போய், திரும்பி, இடது கை ஆட்டக்காரராக நின்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். "மாப்ள பீச்சாங்கையில ஆடப் போறாராம்!" என்று எங்கள் பக்கத்தில் ஒருவன் கத்தினான். நானும் சிரித்தேன். பாதி தூரம் ஓடி வந்தபோதுதான் எனக்குப் புரியத் தொடங்கியது. ஆள் திரும்பிவிட்டார் என்றால் மைதானமும் திரும்பிவிட்டது. இப்போது தேயிலை அவருடைய நெஞ்சுப் பக்கம். முதுகுப் பக்கம் திறந்த புல்லுச் சரிவு, அதற்குக் கீழே ஆறு. முழுதாகப் புரிந்தபோது பந்து கையை விட்டுப் போயிருந்தது. பழக்க தோஷத்தில் அதே விலாவுக்குத்தான் போட்டிருந்தேன். அவர் சும்மா சுழற்றிவிட்டார். பந்து சரிவில் உருண்டு ஆற்றில் விழுந்தது. நான்கு.

நான் மாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். வலது கைக்காரர் இடது கையால் ஆடலாமா என்று கேட்டேன்.

"எந்தக் கையால ஆடினாலும் ஆடலாம். சட்டத்தில இடமிருக்கு," என்றார். அவர் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது.

அடுத்த பந்தும் ஆற்றுக்குத்தான் போனது. அதற்கடுத்ததை விக்கெட்டுக்குப் போட்டுப் பார்த்தேன், அதையும் பழகாத கையால் தட்டி எப்படியோ இரண்டு ஓட்டம் எடுத்தார். ஒன்றரை வருடம் யாராலும் உடைக்க முடியாத என் மூளையை ஒரு ஸ்டோர்க்காரர் இரண்டே பந்தில் உடைத்துவிட்டார். கீழ்க் கணக்குப் பெண்கள் கை தட்டிக் குலவை போட்டார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். தேயிலை வரிசைகளுக்கு நடுவே, பாதையில், எங்கள் கணக்குப் பெண்களோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. தோற்பதைக் கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போது மேலேயிருந்து மிசுட்டு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது, பொடித் தூறலும் கூடவே. புல் நனைந்திருந்தது, பந்தும் நனைந்திருந்தது. நான் பந்தை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தேன். ஓடி வந்தேன். தரையில் குத்தாமல் நேராக அவர் முகத்துக்கு எறிந்தேன். எங்கே போட நினைத்தேனோ அங்கேதான் போனது.

தரையில் விழுந்து எழும் பந்தை ஆட்டக்காரர் பார்க்கலாம். விழும் இடத்தை வைத்து ஒரு கணக்குப் போடலாம். நேராகத் தலைக்கு வரும் பந்துக்குக் கணக்கே கிடையாது. கண் நம்பாது. அவர் மட்டையை விட்டுவிட்டு வலது கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். கையில் பட்ட சத்தம் களத்தின் கடைசி வரைக்கும் கேட்டது. கை இல்லாவிட்டால் கண் போயிருக்கும். இரண்டு விரல் உடைந்தது.

மாஸ்டர் கையை நீட்டி நோபோல் காட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"வழுக்கினதோ?"

"வழுக்கிருச்சு சேர். ஈரம்."

அவர் கீழே கிடந்த பந்தை எடுத்துத் தன் கைக்குட்டையால் துடைத்தார். அதைக் கேப்டனிடம் கொடுத்து, "இனி இவர் போட வேண்டாம்," என்றார். பிறகு என் மச்சானைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார். அவருக்குப் பதிலாக வேறொருவர் நிற்க, ஆட்டத்தில் நாங்கள்தான் ஜெயித்தோம். அதைச் சொல்லாமல் விடவும் எனக்கு மனமில்லை, சொல்வதால் ஒரு புண்ணியமும் இல்லை.

பிற்காலத்தில் தொலைக்காட்சியில் எத்தனையோ ஆட்டங்களில் இப்படிப்பட்ட பந்தைப் பார்த்திருக்கிறேன். போட்டவர் உடனே கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பார். வர்ணனையாளர் கை வழுக்கிவிட்டது என்பார். பெரும்பாலும் உண்மையாகவே வழுக்கியிருக்கும். ஆனால் நான் பந்தைப் பார்ப்பதில்லை, போட்டவரின் கண்ணைப் பார்ப்பேன். வழுக்கியவர் தன் கையைப் பார்ப்பார். வழுக்காதவர் அடிபட்டவரைப் பார்ப்பார். இதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

அன்றிரவுக்குள் இரண்டு கணக்கிலும் ஒரே கேள்விதான்: வழுக்கியதா, வேண்டுமென்று போட்டானா? மறுநாளே அவருடைய அம்மா இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வழுக்குனதுன்னா அது எங்க நேரம், நாங்க ஒண்ணும் சொல்லல," என்றார். "வேணும்னு போட்டான்னா அந்த வீட்டுல எம்புள்ள கை நனைக்கமாட்டான். கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம். வெள்ளிக்கிழம கோயில்ல ஒந்தம்பி கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணட்டும்." கடைசி வார்த்தையை அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் கற்பூரச் சத்தியம் என்றால் விளையாட்டில்லை. மாரியம்மனுக்கு முன்னால் உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பார்கள். அக்காவின் மூன்று வருடப் பிடிவாதம் இப்போது என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. வழுக்கியது என்று சத்தியம் செய்தால் கல்யாணம் நடக்கும். உண்மையைச் சொன்னால் நிற்கும். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பொய்ச் சத்தியம் செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். அம்மன் எனக்கு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், அக்காவுக்காகத் தாங்கிக்கொள்கிறேன் என்று நினைத்தேன். இதில் ஒரு பெருமையும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. தவறு செய்தவனே தியாகியும் ஆகிவிட்டேன் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை பூசாரி என் கையில் கற்பூரத்தை வைத்தார். ஏற்றப் போகும் நேரத்தில் மச்சான் வந்து சேர்ந்தார். வலது கை முழுவதும் கட்டு. நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார்.

"சத்தியமெல்லாம் வேணாம்," என்றார். "அடி பட்டது எனக்கு. வழுக்கிருச்சுன்னு நான் சொல்றேன். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

அவருடைய அம்மா அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார். பூசாரி கற்பூரத்தை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதோடு எரிச்சலாகவும் இருந்தது, என்னை ஒருவர் காப்பாற்றிவிட்டாரே என்று.

கோயிலிலிருந்து வந்ததும் பீலியில் அக்கா கேட்டாள்.

"வழுக்குச்சா?"

"வழுக்குச்சு."

"மழையில கொழுந்து எடுக்குற கைடா நம்ம கை. காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் ஈரத்துல கெடக்குற கை. அது வழுக்கும்னு எங்கிட்டயே சொல்றியா?"

அதற்கு மேல் அவளிடம் நடிக்க முடியாது. "வேணும்னுதான் போட்டேன்," என்றேன். "நீ சிரிச்ச. எனக்குத் தாங்கல."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறையவில்லை.

"போய் அவுங்ககிட்டச் சொல்லு," என்றாள்.

"சொன்னா கல்யாணம் நின்னுபோகும்."

"நிக்கட்டும்."

"நீ அப்படிச் சொல்லுவ, ஆனா ஒனக்கு நிக்கக் கூடாது. எனக்குத் தெரியும்," என்றேன். மூன்று வருடம் அவள் அழுததைப் பார்த்தவன் நான். அவளுக்கு எது நல்லது என்று அவளை விட எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு கல்யாண வேலை தலைக்கு மேல் இருந்தது. பந்தல், பாத்திரம், மேளக்காரர் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் பூட்டிய வாய்தான் இந்தக் கல்யாணத்தை நடத்துகிறது என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. ஓடி ஓடி உழைத்ததும் அந்த நினைப்பில்தான்.

கல்யாண நாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் கீழ்க் கணக்கிலிருந்து மேளத்தோடு ஏறி வந்தார்கள். பந்தல் வாசலில் பெண்ணின் தம்பி மாப்பிள்ளைக்குக் காலைக் கழுவி, மாலை போட்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போக வேண்டும். எங்கள் வழக்கம் அது. செம்புத் தண்ணீரை ஊற்றி அவர் காலைக் கழுவினேன். விரல்களில் இன்னும் கட்டு இருந்தது. பட்டு வேட்டி சட்டையில் ஆள் நன்றாக இருந்தார். தாம்பாளத்திலிருந்து ரோசா மாலையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து, இரண்டு கையையும் அவர் தலைக்கு நேராகத் தூக்கினேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டுப் போட்ட கை தானாக எழுந்து முகத்தை மறைத்தது. ஒரு அடி பின்னால் போய்விட்டார். பின்னால் நின்ற யாரோ அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மேளம் அடித்துக்கொண்டேதான் இருந்தது. தூரத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பக்கத்தில் நின்ற நாங்கள் நான்கைந்து பேர் பார்த்தோம். அவர் கையை இறக்கிவிட்டு, வெட்கப்பட்டு, சிரிக்க முயன்றார். விலாவிலும் தோளிலும் அடி வாங்கித் தடவாமல் நின்ற ஆள். என்னை எதிர்த்து மைதானத்தையே திருப்பி வைத்த ஆள். ஒரு ரோசா மாலைக்குப் பயந்து நின்றார். யாரை வேண்டுமானாலும் பயப்பட வைப்பேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த எனக்கு, பயப்பட வைப்பது என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

மாலையைக் கையில் வைத்துக்கொண்டே அவருடைய அம்மாவிடம் திரும்பினேன்.

"வழுக்கலைங்க அத்தை. வேணும்னுதான் மூஞ்சிக்குப் போட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. பந்தலுக்குள் அக்கா அலங்காரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தெரியும்," என்றார். "அந்த வெள்ளிக்கிழம சாயங்காலமே ஒங்க அக்கா தனியா எறங்கி வந்து எங்க வாசல்ல நின்னா. 'எந்தம்பி வேணும்னுதான் போட்டான் அத்தை, கல்யாணம் வேணுமா வேணாமான்னு இனி நீங்க சொல்லுங்க'ன்னா. அப்படிப்பட்ட பொண்ணத் திருப்பி அனுப்புனா எனக்கு வேற எங்க கெடைக்கும்? நீ சொல்லுவியா மாட்டியான்னுதான் இத்தனை நாளும் பாத்துக்கிட்டு இருந்தோம்." தான் கொண்டு வந்த சீர்த் தாம்பாளத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "சரி, மாலையப் போடு. நேரமாகுது."

நான் மச்சானிடம் திரும்பினேன். மாலையைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு, கீழேயிருந்து மெல்ல மெல்லக் கொண்டு போனேன். அவர் தலையைக் குனிந்து கொடுத்தார், ஆனால் கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். நான் மாலையைப் போட்டு முடித்து, இரண்டு அடி தள்ளிப் போய், கைகளைக் கீழே தொங்கவிட்ட பிறகுதான் திறந்தார்.